நாற்பதாம் நிலையில் ஒரு புள்ளி

இரவு பத்தேகால். பொகவந்தலாவையில் மழை
தகரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது.
ஜன்னல் கம்பியில் செருகினால்தான்
ஃபோனுக்கு ரெண்டு கோடு சிக்னல்.
அதனால் நின்றுகொண்டே விளையாடுகிறேன்,
போர்வையும் குரங்குத் தொப்பியுமாக.

என் ஆள் ஒரு அழைப்பாளன்.
வாள் இல்லை. கவசம் பேருக்கு.
கைதட்டினால் மண்ணைப் பிளந்துகொண்டு கரடி வரும்,
நரி வரும், நெருப்பில் செய்த குளவி வரும்.
கரடிக்கு ரொட்டி என்று பெயர் வைத்தேன்.
நரிக்கும் ஒன்று இருக்கிறது, சபையில் சொல்ல முடியாது.
குளவிக்கு வைக்கவில்லை:
போன மாசம் பதினோராம் நம்பர் மலையில்
ஏழு பேரைக் கொட்டிவிட்டது.
அதைக் கூப்பிடுவதே இல்லை.

இன்று நாற்பதாம் நிலை.
ஒரே ஒரு திறன் புள்ளி, மூன்று கிளை.
முதல் கிளையின் நுனியில் 'பலி':
கரடியை வெடிக்க வைத்தால்
எதிரிக்கு மும்மடங்கு சேதம்.
ஆறு விநாடியில் மறுபடி கூப்பிடலாம்,
அதே பெயர், அதே உடம்பு,
நடந்தது எதுவும் ஞாபகமில்லாமல்.
நடுக்கிளையில் 'தடித்த தோல்',
விவரம் தெரிந்தவன் தொடமாட்டான்.
கடைசியில் 'பங்கு':
கரடி வாங்கும் அடியில் பாதி எனக்கு.
அவ்வளவுதான். லாபம் ஏதும் எழுதியிருக்கவில்லை.

"பலியப் போடு மச்சான்" என்கிறான்
கட்டாரிலிருந்து நௌபீக், எங்கள் குழுத் தலைவன்.
"பலி இல்லாத அழைப்பாளன் சீனி இல்லாத பிளேன்டீ.
இதில யோசிக்க என்ன கெடக்கு?
அது மிருகம்கூட இல்ல, படம்."

சரிதான். கணக்கு எனக்கும் வரும்.
கணக்குத்தான் என் தொழில்.
காலை ஆறரைக்குப் பெரட்டுக்களத்தில்
பேர் கூப்பிடுகிறவன் நான்.
தராசடியில் நின்று
ஈரத்துக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ
கழிக்கிறவனும் நானே.
பதினெட்டுக்குப் பதினேழரை என்றால்
அரைப் பேர் என்று எழுதுவேன்,
பென்சிலால் அல்ல, பேனையால்.
பேனை தோட்டம் கொடுத்தது.

அந்தக் கிளைகளில் ஒன்றையும்
என்னைக் கேட்டு யாரும் நடவில்லை.
கேட்டிருந்தால்...
தெரியாது.

'உறுதியா?' என்கிறது திரை.
பிறகு மாற்ற ஐந்நூறு பொன் வேண்டும்.
என்னிடம் அறுபத்திரண்டு.
விரலில் ஈரம், அழுத்தினால் எடுக்கவில்லை.
போர்வையில் துடைத்துவிட்டு
மறுபடி அழுத்தினேன்.
பங்கு.

பனிக்குகை அரக்கி முதல் அடியை
ரொட்டியின் தோளில் போட்டாள்.
என் சிவப்புக் கோடும் கூடவே இறங்கியது.
இரண்டாவது அடி. மூன்றாவது.
நௌபீக் கத்துகிறான், "வெடிக்க வை, வெடிக்க வை!"
என்னிடம் அந்தப் பொத்தானே இல்லை.
இரண்டரை நிமிஷத்தில்
நானும் கரடியும் ஒன்றாகவே செத்தோம்.

"என்னத்தடா போட்ட?"
பதில் டைப் செய்யுமுன்
குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டான்.
டேட்டா முக்கால்வாசி முடிந்ததென்று
ஒரு மெசேஜ் வந்தது, அது மட்டும் மரியாதையாக.

மயானத்தில் உயிர்த்து
யாரோடும் சண்டையில்லாத நேரத்தில்
கைதட்டினேன்.
ஆறு விநாடி. வந்தது. உட்கார்ந்தது.
காதைச் சொறிந்தது.
சொறியும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.
கூப்பிட்ட உடனே வேலை கொடுத்துவிடுவேன்.

காலை. களம் முழுக்கப் பனிமூட்டம்.
குடங்குடமாய்த் தெரிவது தலையா கூடையா
கிட்ட வந்தால்தான் தெரியும்.
பேச்சாயி. வந்தாச்சுங்க.
புவனலோஜினி. வந்தாச்சு.
கனகாம்பிகை.
கனகாம்பிகை.
ரெண்டாவது தரத்துக்கு மேல் கூப்பிடுவதில்லை,
நேராகக் கோடு இழுத்துவிடுவேன்.
கீழே எங்கேயோ படியில் ஒரு இருமல்,
"இந்தா வந்துட்டேனுங்க"
என்று ஒரு குரல், ஆள் இல்லாமல்.

பேனையைத் தூக்கிப் பிடித்தபடி எண்ணுகிறேன்.
நாலு. அஞ்சு.
ஆறு.
ஏழு.
வளைவில் சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள்
கியர் மாற்றுகிறது.