கூப்பிடு தூரம்

பெட்ரோல் காலன் எட்டு டாலரைத் தாண்டிய வாரத்தில்தான்
படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறதென்று பார்த்தேன்.
ஒரு சுவர்.
சுவரோரம் ஏசி பெட்டி; அதன் மேல்மூடி நடுவில் ஒரு குழி
(ஆலங்கட்டி மழை என்று காப்பீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன்).
சுவருக்கு அப்பால் பல்பொருள் அங்காடியின் பலகை.
இத்தனை வருஷம் என் தலையணையில்
பச்சையாக விழுந்துகொண்டிருந்தது அதுதான்.

கூப்பிடு தூரம்.
தக்காளி என்ன விலை என்று இங்கிருந்து கத்தினால்
யாராவது பதில் சொல்லக்கூடும்.
காரில் போனால் மூன்றே முக்கால் மைல்.
எங்கள் தெரு முட்டுச்சந்து,
அது போய்ச் சேர்வது ஒரு வளைவில்,
வளைவு ஒரு வாயிலில்,
வாயில் ஆறுவழிச் சாலையில்,
அங்கே வலதுபக்கம் மட்டும்தான் திரும்பலாம்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொட
ஓர் ஊரையே கட்டி
காடைக்குன்று என்று பெயரும் வைத்தார்கள்.
காடையும் இல்லை. குன்றும் இல்லை.
ஃபீனிக்ஸ் நகரத்தின் விளிம்பில்
பாலையை மட்டமாக்கி நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள்,
வீட்டுக்கு மூன்று கார் நிற்க இடம்,
ஒருவர் நடக்க இடமில்லை.

எல்லாமே இருபது நிமிஷம்தான் என்றார் விற்ற தரகர்.
நிமிஷத்துக்கு என்ன ஊற்றுவது என்று
நானும் கேட்கவில்லை.

வாண்டா யாஸி, டயாலிசிஸ் நர்ஸ்.
வேலைக்குப் போகும் செலவுக்காகத்தான்
வேலைக்குப் போகிறேன் என்று சிரித்தாள் முதல் மாதம்.
மூன்றாம் மாதம் வாரத்தில் இரண்டு இரவு
மருத்துவமனை வாகன நிறுத்தத்திலேயே தூங்கினாள்.
நாலு லட்சம் டாலர் வீடு இங்கே,
அவள் அங்கே, பின்சீட்டில், முழங்காலை மடித்து.

எதிர்வீட்டு ரொஹேலியோ டஃபோயாவின் பிக்கப் வண்டி
தூசி போர்த்திக் கிடந்தது.
அதன் கண்ணாடியில் அவர் மகள்
விரலால் ஒரு குதிரை வரைந்திருந்தாள்.
ஒரு செவ்வாய்க்கிழமை, நூற்றுப்பத்து டிகிரி கொஞ்சம் இறங்கிய பிறகு,
அவர் ஏணியைத் தூக்கிவந்து
என் பின்சுவரில் சாய்த்தார்.
ஏறினார். மறைந்தார்.
பதினொரு நிமிஷத்தில் திரும்பினார்,
கையில் பால், பல்லிடுக்கில் ரொட்டிப் பை.

யாரும் கைதட்டவில்லை.
உண்மையைச் சொன்னால், வெட்கமாக இருந்தது.
பதினாறு வருஷம்.

பிறகு தினமும் சாயங்காலம் என் கொல்லையில் வரிசை.
உயரம் ஆகாத கிளிஃபோர்டுக்காகக்
கயிற்றில் வாளி இறக்கினோம்.
இருபத்தேழாம் வீட்டுக்காரருக்கு இடது காது கேட்காதென்று
அப்போதுதான் தெரிந்தது;
திமிர் என்றல்லவா நினைத்திருந்தோம்.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது.
விதி பதினான்கு: தெருவிலிருந்து கண்ணில் படும்படி
ஏணி முதலியன வைக்கலாகாது.
ரொஹேலியோ அதற்குச் சங்கம் அனுமதித்த
மணல் பழுப்பு வர்ணமே அடித்தார்.
ஏணி கண்ணில் படவில்லை.
இருட்டில் இரண்டு பேர் நெற்றியை முட்டிக்கொண்டார்கள்.

நான் சொல்ல வந்தது இதையல்ல.

முதன்முதலாக நான் ஏறிய இரவு,
ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே,
எப்படி இறங்குவதென்று குனிந்தால்
கீழே பால் கூடைகள்,
படிபோல அடுக்கிக் கம்பியால் கட்டியவை,
உச்சிக் கூடையில் ஒரு பழைய கால்மிதி.
நான் வைக்கவில்லை, முதல் நாளே இருந்தது என்றார் ரொஹேலியோ.
பிளாஸ்டிக் வெளிறிப்போயிருந்தது.
நீலம் இந்தச் சாம்பலாக
எத்தனை கோடை வேண்டும்?

அங்காடி வாசலில் ஒரு பேருந்து நிறுத்தம் உண்டு
என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும்.

வியாழக்கிழமைகளில் என் வீடு துடைக்க வரும்
எபிஃபானியாவிடம் கார் கிடையாது.
ஒரு நாளும் அவள் தாமதமாக வந்ததில்லை.
ஏசி பெட்டியின் அந்தக் குழியில்
என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
ஒரு குதிகால் அளவு.