ரவை கிற்றார் எடுத்த மாதம்

கொழும்புத்துறை வீதியோரம்
மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி
இடது காதுக்குள் மட்டும் போட்டேன்.
வலது காது நாய்களுக்கு.
மின்மானி வாசிக்கிறவனுக்கு அது தொழில் தர்மம்.

குருநகர் எமில்ரன்
தனக்கு ரவை என்று பெயர் வைத்த நாளில்
உப்புமாவுக்கோ துவக்குக்கோ என்று
கேட்டுச் சிரித்தவன் நான்.
பிறகு சிரிக்கவில்லை.
ஐஸ் பெட்டி சுமக்கிறவன்
மூச்சு வாங்காமல் நாலு நிமிடம் கதைத்தான்.
வலை விலை, வட்டிக்காரன்,
கனடா மாமன் அனுப்பிய ஒற்றைச் சப்பாத்து,
எல்லாத்துக்கும் எதுகை வைத்திருந்தான்.
உவன் என்றான், உங்கை என்றான், உது என்றான்.
வானொலிக்காரர் கூச்சப்பட்டுக் கழுவிவிடுகிற அந்த உகரத்தை
பல்லுக்கிடையில் வைத்து வெடித்தான்.
கரண்ட் போன இரவிலும்
பெட்டியில் தட்டித் தட்டிக் கதைத்தான்.
றப்புக்கு மானி ஓடாது.

இப்ப இது.
றொக்காம்.
பெயர் கறளாம்.
ஒன்பது பாட்டாம்.

முதலாவதில்
தகரக் கூரையில் யாரோ தேங்காய் உருட்டுகிறார்கள்.
இரண்டாவதிலும் அதே தேங்காய்,
மழையும் சேர்ந்து.
நூற்று நாற்பத்திரண்டு அலகு,
எழுதிக்கொண்டு அடுத்த வளவு.
மூன்றாவதில் பாடுகிறான்.
பாடுகிறானாம்.
ஓ என்று தொடங்கி
ஒழுங்கை முடியுமட்டும் ஓ.
சொல்லுக்குப் பஞ்சமில்லாதவன்
ஒற்றை உயிரெழுத்தோடு மாரடிக்கிறான்.
நடுவில் நீ என்னை, நான் உன்னை.
எந்தப் படத்தில் வாடகைக்கு எடுத்தாய், எமில்ரன்,
இந்தத் தமிழை?
உதுவும் இல்லை, உவனும் இல்லை.
எண்ணிப் பார்த்தேன்.
எண்ணுவதற்குத்தானே சம்பளம்.

"வளருறான் மச்சான், விடு"
என்று சுதர்மன் சொல்லியிருந்தான்.
வளரட்டும்.
மீசை வளர்ந்தால் வெட்டலாம்.

நாலாவதைத் தள்ளிவிட்டேன் என்று சொல்லலாம்.
உண்மையில் ஒரு கறுப்பு நாய் துரத்தியது,
அது தானாக முடிந்தது.

ஐந்தாவது, பாசையூர்,
கொன்சலற்றா அக்கா வீட்டுப் பின்சுவர்.
பழைய மானி.
உள்ளே தகடு சுற்றுகிற ரகம்,
சிவப்புக் குறி வந்து வந்து போகும்.
கிற்றாரில் கம்பி அறுந்த மாதிரி ஒரு சத்தம்.
மாதிரி இல்லை, அறுந்ததுதான்.
றம்ஸ் அடித்தவன் தயங்கினான், கேட்டது.
அப்போது மைக்குக்கு வெளியே
பாட்டு ஒட்டாத குரலில்
யாருக்கோ சொன்னான்:
"உதை நிப்பாட்டாதை. ஓடட்டும்."

உதை.

பிறகு இருபது செக்கன்
ஒருவரும் பாடவில்லை.
மிச்சம் ஐந்து கம்பியில் ஓடியது.
தூரத்தில் ஒரு ஜெனரேற்றர்,
அல்லது கடலாக இருக்கலாம்.
ஏன் இதை வெட்டாமல் விட்டான்?
மறதியோ, திமிரோ?
திருப்பிக் கேட்டேன்.
திருப்பிக் கேட்டேன்.
சிவப்புக் குறி வந்தது, போனது.

பின்னேரம் கந்தோரில் பிடித்தார்கள்,
கொன்சலற்றா அக்காவுக்கு நாநூறு அலகு கூட.
"தனி மனிசி, ஒரு ஃபான், ரெண்டு பல்ப்.
வீட்டுக்குள்ளை கப்பல் கட்டுறாவோ?"
என்றார் மேற்பார்வையாளர்.

திரும்பிப் போனேன்.
படலையிலேயே நின்றா.
"கண் தெரியாதோ தம்பி? காதுக்குள்ளை என்ன?"
"ஒண்டுமில்லை அக்கா."
"ஒண்டுமில்லாததுக்கோ எனக்கு நாநூறு?"

வெட்டித் திருத்தினேன்.
மிச்ச நாலு பாட்டையும்
வீட்டில், இரண்டு காதாலும், நியாயமாகக் கேட்டேன்.
தேங்காய்தான்.
மூன்றாவதை இன்னும் மன்னிக்கவில்லை.
அந்த ஓவை நினைத்தால் பல் கூசுகிறது.

ஒன்பதில் எட்டு வீண் என்றேன் சுதர்மனுக்கு.
மற்றது எது என்றான்.
அது நாய் துரத்தின நேரம்,
வடிவாய்க் கேக்கேல்லை என்றேன்.