இரண்டு நிமிடம் எட்டு விநாடி

நகராட்சியின் நாட்காட்டிக்கு ஆறு கடற்கரைகள் வேண்டும்.
'ஆளில்லாமல்' என்ற சொல்லை மட்டும்
தடித்த எழுத்தில் அனுப்பியிருந்தார்கள்.

சிலோயே தீவின் மேற்குக் கரை. மே மாதம்.
மழை ஒரு மணி நேரம் விடுப்பில் போயிருந்தது.
முக்காலியின் கால்கள் ஈர மணலில் இறங்கி நிலைகொள்ளக் காத்திருந்து
லென்ஸின் முகப்பில் ஃபில்டரைத் திருகினேன்.
விலை குறைந்தது, வெள்ளையில் லேசாக மஞ்சள் பூசும்.
ஒரே வளையத்துக்குள் இரண்டு கண்ணாடிகள்.
முன்னதைத் திருப்பத் திருப்பப்
பின்னது வெளிச்சத்துக்குக் கதவைச் சாத்துகிறது,
விருந்தாளி மனம் நோகாதபடி,
கொஞ்சம் கொஞ்சமாக.

அரை விநாடி போதும் என்ற காட்சி
ஒன்று கேட்டது, பிறகு இரண்டு, நான்கு, எட்டு,
கந்துவட்டிக்காரன் வாயாக
ஒவ்வொரு கோட்டுக்கும் இரட்டித்து.
எட்டாவது கோட்டில் விரலை எடுத்தேன்.
அதைத் தாண்டினால் வானத்தில் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி விழும்.
போன வருடம் ஒரு மலைத்தொடர் முழுவதையும்
தப்பு விடையென்று அடித்துக் கொடுத்தது.

இரண்டு நிமிடம் எட்டு விநாடி.
ஷட்டர் திறந்தது.

எலியெசெர் சியுகெமானும் அவன் மைத்துனி ஒர்ஃபெலினாவும்
இடுப்பளவு நீரில் லூகா வாரிக்கொண்டிருந்தார்கள்,
காய்ந்தபின் யாருடைய பற்பசைக்குள்ளோ போகப்போகும்
சிவப்புக் கடற்பாசி.
வாரி, சுமந்து, வண்டியில் போட்டுத் திரும்ப வாரி
என் சட்டகத்தைக் குறுக்கே நான்கு முறை கடந்தார்கள்.
நான் கையசைக்கவில்லை, கத்தவில்லை.
உப்புச் சாரல் கண்ணாடியில் படாமல்
தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரையில்:
ஆறிய கஞ்சியின் மேல் ஆடை படிந்ததுபோல் கடல்.
இரண்டு மாடுகள், கொம்பின் நுனிவரை துல்லியம்,
வால்கள் மட்டும் புகை.
வண்டி.
வண்டியில் ஒரு குவியல்:
அடிப்பாகம் கெட்டி, மேலே போகப் போகக் கண்ணாடி,
கடைசியாக விழுந்த பாசி
பாதிதான் விழுந்திருந்தது.
கைகள் இல்லை.

எலியெசெர் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து எட்டிப் பார்த்தான்.
"நாங்க எங்கே?"
"நீங்க அசைஞ்சுக்கிட்டே இருந்தீங்க."
"மாடு?"
"நின்னுச்சு."
ஒர்ஃபெலினா சிரித்தாள்.
"சும்மா நிக்கறவனுக்குத்தான் படமா? கூட்டுறவுச் சங்கத்திலயும் அப்படித்தான்."

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டான்.
சொன்னேன்.
கடலைப் பார்த்தான். ஏற்றம் தொடங்க இன்னும் நாற்பது நிமிடம்.
அதில் இரண்டு எனக்குத் தரலாமா என்று
கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.
பிறகு வாருகோலை மணலில் ஊன்றிக்கொண்டு
அடையாள அட்டைக்கு நிற்பவன்போல் நின்றான்.

எண்பதாவது விநாடியில்
ஒரு நல்ல லூகாத் திட்டு மிதந்து வந்தது,
மேசைவிரிப்பின் அகலம்.
கண் முதலில் போனது. பிறகு தோள்.
பிறகு அவனே.
மீதி நாற்பத்தெட்டு விநாடியும்
அவன் நின்ற இடத்தைப் படமெடுத்தேன்.

இரண்டாவது படத்தில் அவன் இருக்கிறான்,
மார்பின் வழியே அலை தெரிய,
நெற்றியின் வழியே தொடுவானம் ஒரு கோடாக ஓட.
அதை ஒர்ஃபெலினா கேட்டு வாங்கினாள்.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருப்பதாகச் செய்தி அனுப்பினாள்:
'கதவில் இருக்கிற கீறல் இவன் வழியாகத் தெரியலை. அதுவரை நல்லது.'

நகராட்சிக்கு முதல் படம் போனது.
மூன்றாம் நாள் பதில்:
அருமை, அமைதி, அக்டோபருக்குப் பொருத்தம்.
அந்த மாட்டு வண்டியையும் எடுத்துவிட முடியுமா?

முடியாது என்று எழுதினேன்.
காரணம் கேட்டார்கள்.
அது நின்றுகொண்டிருந்தது
என்று எழுதினேன்.