பத்தாம் எண்

நாளைக் காலை எட்டு மணிக்கு ஆய்வு.
பன்னிரண்டில் பதினொன்று கழற்றித் துடைத்து
சாக்கின் மேல் வரிசையாய்க் கிடக்கிறது.
பத்தாம் எண் மட்டும் அழிச்சாட்டியம்.
போல்ட் வந்துவிட்டது, அதன் தலையும் சுற்றிக் கழன்றது,
உள்ளே இருக்கும் ஊசிதான்
பின்கட்டையை விட்டு வரமாட்டேன் என்கிறது.

தேவிபட்டினம். வாடை தொடங்கி ஒன்பது நாள்.
கடல் இங்கே முழங்கால் ஆழத்தில் வெகுதூரம் கிடக்கும்,
அலை இல்லாவிட்டாலும் உப்பு நடந்து வந்துவிடும்.
ஜன்னல் கம்பி வியர்க்கும்.
பதிவேட்டின் தாள் அப்பளம்போல் நமுத்துப்போகும்.

துருதான் என்று நினைத்தேன்.
டீக்கடைக் கிளாஸில் மண்ணெண்ணெய் ஊற்றி
மதியம் முழுக்க ஊறப்போட்டேன்
(ஏட்டு நம்புவேல் எடுத்துக் குடிக்கப் போனார், கத்தி நிறுத்தினேன்).
வெந்நீர் ஊற்றினேன். சாவியை மாட்டி
உடம்பின் எடையெல்லாம் சேர்த்துத் திருகினேன்.
சாவியின் பல்தான் முறுக்கிக்கொண்டது.

ஏட்டு சுத்தியலோடு வந்தார்.
"ரெண்டு தட்டு தட்டினா தன்னால வரும், பிலோமி."
ஏட்டையா, இது உங்க வீட்டுப் பீரோ இல்ல,
நுனி வளைஞ்சா என் சம்பளத்துல பிடிப்பாங்க.
சுத்தியலும் கையுமாய்க் கொஞ்ச நேரம் நின்றார்,
கொசு அடிக்க வந்தவர்போல.

பெஞ்சில் காலையிலிருந்து ஓர் ஆள்.
திருப்பாலைக்குடி சகுபர், படகு இன்ஜின் மெக்கானிக்.
பழுதுக்கு வந்த மோட்டாரைக் கொட்டகையிலிருந்து
யாரோ ராத்திரி தூக்கிப் போய்விட்டார்கள்.
மனு எழுதிக் கொடுத்தார், உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார்.
கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்:
"கொஞ்சமும் ஆடலையாக்கா?"
ஆடலை.
"நெரநெரன்னு சத்தம்?"
அதுவும் இல்லை.
"துருன்னா முனகும்க்கா. கொஞ்சம் கொடுக்கும், திரும்பப் பிடிக்கும்.
முனகாம நிக்கிதுன்னா எவனோ பூட்டி வச்சிருக்கான்."

வெளியாள் தொடக்கூடாது.
அவர் கேட்கவும் இல்லை. கைகளை அக்குளில் செருகிக்கொண்டார்,
தன்னைத் தானே கைது செய்தவர் மாதிரி.

"பின்கட்டைக்குப் பக்கவாட்டுல பாருங்க. ஏதாச்சும் பள்ளம்?"
துடைத்துப் பார்த்தேன். வழவழப்பு.
"கண்ணு வேணாம். நகம்."
நகத்தை ஓட்டினேன்.
ஓரிடத்தில் இடறியது.

பழைய கிரீஸ், உப்பு, எந்தக் காலத்திலோ அடித்த கறுப்பு வர்ணம்,
மூன்றும் கூடிக் கல்லாகியிருந்தன.
சேலை ஊக்கால் சுரண்டச் சுரண்ட
மிளகளவு ஒரு திருகு தலைகாட்டியது,
நெற்றியில் ஒற்றைக் கோடு போட்டுக்கொண்டு.

அதை எடுத்ததும்
ஊசி விரலுக்கே சுழன்றது,
ஸ்பிரிங் உள்ளங்கையில் மெல்ல உதைத்தது.
மதியத்திலிருந்து நான் மல்லுக்கட்டியது
தன் வேலையைச் சரியாய்ப் பார்த்துக்கொண்டிருந்த
ஒரு பொடிப்பயலோடு.

ஏட்டு சுத்தியலை அலமாரிக்குப் பின்னால் வைத்தார்.

பதிவேட்டைப் புரட்டினேன்.
பத்தாம் எண் கடைசியாகச் சுட்டது நாலு வருஷம் முன்னே,
ஓர் இன்ஸ்பெக்டரின் அடக்கத்தில், வானத்தை நோக்கி மூன்று முறை.
சவுக்குத் தோப்பிலிருந்து காக்கைகள் கிளம்பியிருக்கும்.
அதை யாரும் பதியவில்லை.

மணி பதினொன்று. சகுபர் எழுந்து முதுகை முறித்தார்.
"என் மனு எங்கக்கா மாட்டியிருக்கு?"

எழுத்தரின் மேசைக்குப் போனேன். அவர் வீட்டுக்குப் போயிருந்தார்.
மனு இருந்தது, டீ வட்டத்தோடு.
முழுதும் படித்தேன், தப்பு ஒன்றுமில்லை.
விளிம்பில் நகம் ஓடியபோதுதான் தெரிந்தது:
கொட்டகை யார் எல்லை, நம்மதா அவங்களதா என்று
பென்சிலில் அழுத்திப் போட்ட ஒரு கேள்விக்குறி.

ஆயுதக் கிடங்குக்காரிக்கு அதில் கைவைக்க அதிகாரம் கிடையாது.
இழுப்பறையைத் திறந்து
ரப்பர் இருக்கிறதா என்று துழாவிக்கொண்டிருக்கிறேன்.