மொய் நோட்டில் டிசம்பர்

கதவின் பித்தளை வாய் திறந்து மூடும்.
மிதியடி மேல் பொத்தென்று உறைகள்,
யாரோ எங்களுக்கும் சேர்த்துச்
சீட்டுப் போட்டதுபோல்.
ஓடிப்போய்ப் பொறுக்குபவள் நான்தான், மகள் இல்லை.
அவளுக்குப் பதினான்கு வயது.
உலகத்தில் எதுவும் அவளுக்குப் பெரிதில்லை.

ஸ்வான்சீயில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
மை கரைந்து எங்கள் வீட்டு எண்
சில நாள் பதினெட்டு, சில நாள் பதின்மூன்று.
இருந்தும் வந்து சேர்கின்றன.

தவசி பஸ் ஓட்டுகிறான். கணக்கில் புலி.
உசிலம்பட்டிக்காரனுக்குக்
கிறிஸ்துமஸ் கார்டும் மொய்தான்.
சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு,
மேலே பிள்ளையார் சுழி, கீழே:
டிப்போ மேனேஜர் ஹக், வரவு ஒன்று, செய்தது ஒன்று.
பல் டாக்டர், வரவு ஒன்று
(அச்சடித்த கையெழுத்து, கணக்கில் சேராது).
வார்டு சிஸ்டர் மேகன், மினுக்குத்தூள் தூவியது.
மூன்று நாள் எங்கள் சோறுகூட மின்னியது.
எதிர்வீடு, இரண்டு வருடமாய் நாம் மட்டும்.
"வரலைன்னா விட்டுற முடியுமா?
மைக்குல பேரு வாசிக்கணும்ல" என்பான்.

வாங்கியதைவிடக் கூட்டித் திருப்புவதுதான் மொய்.
அவர்கள் ஒரு வரி எழுதினால் நாங்கள் இரண்டு.
அடுத்த வருடம் அவர்கள் மூன்று.
மேகனோடு இப்போது
கார்டின் பின்பக்கம் வரை போகிறது பேச்சு:
முழங்கால், மாமியார்,
மத்திமீன் குழம்புக்குப் புளி எவ்வளவு.

ராத்திரி டியூட்டி முடிந்து வந்து
அடுப்படி மேசையில் எழுதுகிற சுகம் இருக்கிறதே!
பேனா வழுக்கும் பளபளத் தாள்,
நாக்கில் ஒட்டும் பசையின் கசப்பு,
சிவப்புப் பெட்டிக்குள் மணிக்கட்டு வரை போய்
விட மனமில்லாமல் நிற்கும் ஒரு நொடி.

மேட்டு வீட்டில் ஐவர்.
ஒற்றை ஆள், பெயர் ஐவர்.
அவர் நாயோடு இறங்கினால்
"பாண்டவர் வர்றார்" என்பான் தவசி.
அவரும் கிளெனிசும்தான்
எங்களுக்கு முதல் கார்டு போட்டவர்கள்,
நாங்கள் குடிவந்த ஒன்பதாம் நாள்.
பெயர் தெரியாததால் உறைமேல்
"மஞ்சள் விளக்குக்காரர்களுக்கு."
உள்ளே வேல்ஷில் வாழ்த்து.
அதன் இரட்டை எல் எங்கள் வாயில் நுழையவில்லை,
எங்கள் ழ அவர் வாயில்.
வாசலில் நின்று
எச்சில் தெறிக்க மாறி மாறி முயன்றோம்.

எழுதுவது அவர். நக்கி ஒட்டுவது கிளெனிஸ்.
இந்த வருடம் உறையில் செலோடேப்.
உள்ளே நீல மையில்
"ஐவர் மற்றும்"
அதற்கப்புறம் வெறும் தாள்.

நாற்பத்தாறு வருடம் ஓடிய தடத்தில்
கை ஒரு சொல் தாண்டிப்போய் நின்றிருக்கிறது.
தமிழாயிருந்தால் ஓர் உம்மில் தொங்கியிருக்கும்:
ஐவரும்.
அடித்திருக்கலாம்.
வேறு கார்டு எடுத்திருக்கலாம், டப்பாவில் பத்தாவது இருக்கும்.
அப்படியே அனுப்பியிருந்தார்.

இதற்கு எவ்வளவு கூட்டித் திருப்புவது?
தவசி பேனா மூடியைக் கடித்தபடி இருந்தான்.
நான் மூன்று கார்டு எழுதிக் கிழித்தேன்.
நாலாவதில்,
மார்ச்சில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிளெனிஸ்
என் காதில் சொன்னதை எழுதினேன்:
இவர் குறட்டை இல்லாமல்
எனக்கு இங்கே தூக்கமே வரவில்லை.
அவரிடம் சொல்லிவிடாதே என்றும் சொன்னார்.
அதையும் எழுதினேன்.

இருபத்துமூன்றாம் தேதி, ஸ்டாம்பு இல்லாமல்,
மேடு ஏறிப்போய்ச் செருகினேன்.
கதவு வாயின் குச்சமயிர் விரலைத் தடவியது.
நாய் ஒருமுறை குரைத்தது.
பாதி இறங்கியிருப்பேன்.
மேலே ஒரு சிரிப்பு,
அல்லது இருமல்.

வீட்டில், கயிற்றில் தொங்கிய கார்டுகளை நகர்த்தி
மகள் அந்தக் கார்டை நடுவில் மாட்டியிருந்தாள்.
கேட்டால் தோளைக் குலுக்குவாள். கேட்கவில்லை.
நோட்டு திறந்து கிடந்தது.
செய்தது என்ற கட்டத்தில் தவசி ஒன்றும் போடவில்லை.
வரவில் மட்டும்:
ஐவர், கிளெனிஸ். ஒன்று.