மூச்சை விடு

முதலில் இடுப்பு.
வயிற்றில் இல்லை, அதற்குக் கீழே,
எலும்பில் போய் உட்கார வேண்டும்.
வயிறு எதையும் தாங்காது என்று
ஜெஸ்மீருக்கு ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.
கொத்துரொட்டியைத் தாங்குதே என்று
அவனும் ஒவ்வொரு முறையும் சொல்கிறான்.

தொடையிடுக்கால் இரண்டு. அப்போது மட்டும்
இருவரும் வேறெங்கோ பார்ப்போம்.
பிறகு தோள்கள். கழுத்துக் கவசத்தின் மேலால்
வார்களை இறக்கி
வட்டப் பூட்டில் கொழுவி
"மூச்சை விடு" என்பேன்.
விடுகிற மூச்சுக்குள்தான் இழுக்க வேண்டும்.
விட்டதை அவன் திரும்ப எடுக்க வரும்போது
இடம் இருக்கக் கூடாது.

"போதும்கா, சாகிறன்."
"இன்னும் ஒரு விரல் போகுது."

அம்பாறைக்கு வெளியே, கரும்புக் காணிகளுக்குப் பக்கத்தில்
கிறவல் ஓட்டம்.
மூன்றாம் வளைவில்
முன்னால் போனவனின் புழுதி சுவராக நின்றது.
அதற்குள் காராகப் போனது
மற்றப் பக்கம் வந்தது
கூரை, சில்லு, கூரை, சில்லு,
கடைசியில் கூரை.

ஓடிப்போய்க் குனிந்தேன்.
ஆறு வாரில் தலைகீழாய்த் தொங்குகிறான்.
யன்னல் வலைக்குள்ளால் அவன் கண்
எது மேல் என்று என்னிடம் கேட்டது.
"பூட்டைத் தொடாத. முதல்ல கையைக் கூரையில ஊன்று."
அவிழ்க்கவும் ஒழுங்கு இருக்கிறது.
கட்டிக் காத்த கழுத்தை
அவிழ்த்து முறித்தவர்கள் உண்டு.

இப்போது கல்முனையில், கராஜ் மேசையில்
கிடக்கிறது அந்த நீலப் பட்டி.
கட்டாரிலிருந்து மச்சான் அனுப்பியது.
ஒரு நூல் பிரியவில்லை.
ஓட்டமாவடியிலிருந்து இரண்டு பொடியன்கள் வந்து
அரை விலை என்றார்கள்.
தேநீர் முடிவதற்குள் முக்கால்.

பார்த்தால் தெரியாது.
அந்த ஒரு கணத்தில் அது நீண்டுவிட்டது,
உள்ளிழைகளில், இனித் திரும்ப முடியாத அளவு.
ஒருமுறை உண்மையாகப் பிடித்தது
அடுத்த முறை
பிடிப்பதுபோல் நடிக்கும்.

தையல் கத்தரி வழுக்கியது.
தகரம் வெட்டுவதை எடுத்தேன்.
இடுப்பு, தொடை, தோள்.
பூட்டிய அதே ஒழுங்கில் வெட்டுகிறேன் என்று
நாலாவது வாரில்தான் கவனித்தேன்.
பொடியன்கள் எழும்பிப் போனார்கள்,
ஸலாம் சொல்லாமல்.
பக்கத்து வீட்டு சரூபா
காஸ் சிலிண்டர் கட்ட ஒரு துண்டு கேட்டாள்.
இல்லை என்றேன். பிறகு கொடுத்தேன்.

அசர் முடிந்து ஜெஸ்மீர் வந்தான்.
சேட்டுப் பொத்தானைக் கழற்றிக் காட்டினான்.
இரண்டு தோளிலிருந்தும்
நாவல்பழ நிறத்தில் இரண்டு பாதைகள் இறங்கி
நடுவில் ஒரு வட்டம்.
ஓரங்களில் மஞ்சள் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"சுஜூதுக்குக் குனியேலாம இருக்கு.
நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்காய்,"
முறைப்பாடு போலச் சொன்னான்.

மேசைக்கடியில் நீலத் துண்டுகள்.
காலால் ஒன்றைத் தட்டிப் பார்த்தான்.
"மாசியில அடுத்த ஓட்டம். புதுசு எவ்வளவு?"

சொன்னேன்.

மூச்சை விட்டான்.