இரண்டாவது பெயர்

கருப்பூருக்கு வடக்கே
வெள்ளைக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குழி.
மழையும் ஊற்றும் நிரப்பி
இப்போது நாற்பது மீட்டர் ஆழம் என்கிறார்கள்.
அளந்தவர் யாரென்று கேட்டால்
ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார்.

அடியில் ஒரு டிப்பர் லாரி கிடக்கிறது.
தொண்ணூற்றெட்டில், பிரேக் பிடிக்காமல் போனது.
ஓட்டுநர் குதித்துவிட்டார்.
ஓமலூரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார்.
லாரியைப் பற்றிக் கேட்டால் மட்டும்
காதில் விழாதது போல
டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்
குமிழி வருகிறதா என்று பார்ப்பார்.

பெலிக்ஸ் ஏற்காட்டுக்காரன். இருநூற்றுப் பதினேழு முழுக்கு.
அந்தமானில் மூழ்கிய கப்பலுக்குள்
நுழைந்து வெளியே வந்தவன்.
எனக்கு நாற்பத்து மூன்று,
நீச்சல் குளத்தையும் சேர்த்துக்கொண்டால்.
என் அட்டையில் பதினெட்டு மீட்டர் என்று அச்சடித்திருக்கிறது.
"அட்டை கரையிலேயே இருக்கட்டும், தாரகேஸ்வரி" என்றான்.
சிரித்தேன்.
சிரித்திருக்கக் கூடாது.

எனக்கு வேலை எடைமேடையில்.
சுமை கூடினால் திருப்பி அனுப்புவேன்.
"ஒரு டன்தானே மேடம்" என்பார்கள்.
ஒரு டன்தான்.
தொப்பூர் இறக்கத்தில்
அந்த ஒரு டன்தான் வண்டியை ஓட்டும்,
ஓட்டுநர் வெறுமனே உட்கார்ந்திருப்பார்.

காலை ஆறரைக்குச் சேர்வராயன் மலை
குழித் தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது.
அதன் உச்சியை உடைத்துக்கொண்டு இறங்கினோம்.

பத்தில் பச்சை. பதினைந்தில்
கழுத்துக்குள் விரல் விட்டதுபோல் குளிர்.
பதினெட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.
பிறகு விட்டேன்.

இருபத்தைந்தில் ஒரு சந்தோஷம் வந்தது.
கல்யாண வீட்டில் யாரோ
வெற்றிலைக்குள் எதையோ மடித்துக் கொடுத்ததுபோல
காரணமே இல்லாத சந்தோஷம்.
அதை நம்பக் கூடாது என்று வகுப்பில் சொன்னார்கள்.
சொன்னது நினைவிருந்தது.
ஏன் என்பதுதான் வரவில்லை.

விளக்கு வட்டத்துக்குள் லாரியின் பின்பலகை.
மஞ்சள் பெயின்ட், ஓரம் உரிந்து.
பிள்ளைகளின் பெயர்கள் இரண்டு,
பூவுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
ரேணுகா என்று படித்தேன்.
மற்றது சேற்றுக்குள்.

பெலிக்ஸ் கேபின் பக்கம் போனான்.
அவன் துடுப்பு ஒருமுறை உரசியது, அவ்வளவுதான்.
வெள்ளைக்கல் தூள் எழுந்து
தண்ணீர் மோராகிவிட்டது.
கதவு திறந்தே இருந்தது.
அவன் விளக்கு உள்ளே நுழைவது
மோருக்குள் ஒரு மங்கலாகத் தெரிந்தது.

என் மானியில் நூற்று முப்பது.
நூற்று நாற்பதில் திரும்புவேன் என்று
கரையில் சொன்னவள் நான்தான்.
பத்துதானே மேடம், என்றது ஒரு குரல்.
என் குரல்.

கட்டைவிரலை உயர்த்தினேன்.
சேலத்தில் அதற்குச் "சூப்பர்" என்று பொருள்.
தண்ணீருக்குள் "போதும், மேலே."
யார் காட்டினாலும்
காரணம் கேட்காமல் கிளம்ப வேண்டும்.
அவன் முதலில் சேலத்துக்காரனாகவே பார்த்து
தானும் ஒரு விரலை உயர்த்தினான், உற்சாகமாக.
நான் இரண்டாம் முறை காட்டினேன்.
அவன் தோளைப் பிடித்துக்கொண்டு.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் தொங்கினோம்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
தலைக்கு மேல் மலை கலங்கியது, தெளிந்தது.

டீக்கடை வரைக்கும் பேச்சில்லை.
தட்டுவடை செட் இரண்டு சொல்லிவிட்டு
"என்னுதுல எண்பது" என்றான்.
வேறெதுவும் சொல்லவில்லை.
பீட்ரூட் துருவலை ஓரமாக ஒதுக்கி ஒதுக்கிச்
சாப்பிடாமலே எழுந்தான்.

அடுத்த மாதம் வேறொருவனோடு
இரட்டை சிலிண்டர் கட்டிப் போய்வந்தான்.
"இன்னொரு பெயர் சொல்லட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
நானே போய்ப் படிப்பேன், எண்பது தொண்ணூறு முழுக்கு ஆகட்டும்.
படிக்காமலும் போகலாம்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
எண் நாற்பத்து நான்கு.
ஆழம் இருபத்தொன்பது.
எழுதக் கை கூசியது, பதினெட்டு என்று போடத் தோன்றியது,
இருபத்தொன்பது என்றே எழுதினேன்.
பார்த்தது என்ற இடத்தில்:
ரேணுகா,
இன்னொருவர்.